அடிரோண்டாக் மலைகளின் பழைய தலப்படங்கள்: எந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம்?

ஏரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள அடிரோண்டாக் மலைநாட்டின் பழைய தலப்படங்களை, அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடங்களை, சில காலமாக ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை, அதாவது யு.எஸ்.ஜி.எஸ்., தன் பழைய தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருப்பதால், மார்சி மலைப் பகுதிக்கு 1890களில் வந்த தாள், 1953ஆம் ஆண்டுத் தாள், 1979ஆம் ஆண்டு மெட்ரிக் தாள் ஆகிய மூன்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க முடிந்தது.

ஏரிக்கரைகள் பெரும்பாலும் நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் சரிவில் ஏறத் தொடங்கியவுடன், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. முதல் தாளில் ஒரே வழவழப்பான வளைவாக இறங்கும் ஒரு பக்கமுகடு, 1953ஆம் ஆண்டுத் தாளில் இரண்டு குன்றுகளாகவும் அவற்றின் நடுவே ஓர் இடைத்தாழ்வாகவும் பிரிந்து நிற்கிறது. இந்தக் கடினப் பாறை அறுபது ஆண்டுகளுக்குள் அப்படி உருமாறியிருக்க முடியாது. ஆகவே வேறுபாடு அளவையில் இருக்க வேண்டும், அல்லது நான் தாள்களைப் பொருத்திய விதத்தில் இருக்க வேண்டும். பழைய தாளின் எந்தப் பகுதியை எந்த அளவுக்கு நம்பலாம் என்று இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அளவைச்சங்கிலி

நல்ல கேள்வி. அந்த முதல் தாள் எப்படி உருவானது என்பதில்தான் விடை இருக்கிறது.

யு.எஸ்.ஜி.எஸ். 1879இல் தொடங்கப்பட்டது. நியூயார்க் மாநிலமும் செலவைப் பகிர்ந்துகொண்டு, மலைநாட்டுத் தாள்கள் 1890களிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவற்றின் அளவுத்திட்டம் 1:62,500. ஏறத்தாழ ஓர் அங்குலத்திற்கு ஒரு மைல். ஒவ்வொரு தாளும் அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் 15 நிமிடம் அகலமுள்ள ஒரு கட்டத்தைக் காட்டும். சம உயரக்கோடுகளின் இடைவெளி 20 அடி. தாளைப் பார்ப்பவருக்கு, மலை முழுவதும் 20 அடிக்கு 20 அடி அளந்து வரையப்பட்டது போன்ற தோற்றம் கிடைக்கும். அந்தத் தோற்றத்தை நம்பக்கூடாது.

களத்தில் நடந்தது வேறு. முக்காலியின் மேல் ஒரு பலகை, அதன்மேல் தாள், தாளின்மேல் அலிடேடு என்னும் நோக்குகருவி. இதுவே பிளேன் டேபிள் முறை. முக்கோண அளவையால் இடம் நிலைநாட்டப்பட்ட ஓர் உச்சியில் அல்லது திறந்தவெளியில் பலகையை நிறுத்தி, கண்ணுக்குத் தெரியும் மற்ற உச்சிகளையும் கரைமுனைகளையும் நோக்கித் திசைக்கோடு இழுப்பார்கள். வேறோர் இடத்திலிருந்து இழுத்த கோடு அதை வெட்டும் புள்ளியே அந்த இடம். செங்குத்துக் கோணத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடுவார்கள். இவ்வாறு அளக்கப்பட்ட புள்ளிகள் ஒரு தாளில் மிகக் குறைவு. அவற்றுக்கு இடைப்பட்ட சரிவுகளை வரைபவர் தன் கண்ணால் பார்த்து, நிலத்தின் வடிவத்தை மனத்தில் வாங்கி, கையால் வரைந்தார். அதாவது சம உயரக்கோடுகளில் பெரும்பகுதி, அளந்த புள்ளிகளைத் துணையாகக் கொண்டு தேர்ந்த கை ஒன்று வரைந்த சித்திரம்.

இந்த முறைக்குப் பார்வை வேண்டும், ஆனால் அடிரோண்டாக் அடர்ந்த காடு. உச்சிகளில் பலவற்றில்கூட ஸ்ப்ரூசும் ஃபிர்ரும் நெருங்கி நிற்பதால் பலகையை நிறுத்தினாலும் எதுவும் தெரியாது. ஏரியில் நிலைமை நேர்மாறு: தண்ணீருக்கு மேலே தடையின்றிப் பார்வை செல்லும், படகில் போய்க் கரைமுனைகளில் இறங்கலாம், நீர்ப்பரப்பே மட்டமாக இருப்பதால் ஓரிடத்தில் கண்ட உயரம் ஏரி முழுவதற்கும் பொருந்தும். மட்டக்கருவி கொண்டு உயரத்தைக் கடத்திச் செல்லும் துல்லிய வரிசைகளும் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் ஒட்டியே ஓடின. அவை பள்ளத்தாக்குகளிலும் ஏரிக்கரைகளிலும்தான் இருந்தன. உங்கள் தாள்களில் கரைகள் பொருந்திச் சரிவுகள் விலகுவதற்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

ஏரிக்கரையான்

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் அந்தத் தாளுக்குத் துல்லிய வரம்பு என்று எதையும் சொல்ல முடியாதா?

அளவைச்சங்கிலி

எழுத்து வடிவில் முடியாது. அமெரிக்காவின் தேசிய வரைபடத் துல்லிய நெறிமுறைகள் 1941இல் வெளியிடப்பட்டு 1947இல் திருத்தப்பட்டன. 1:20,000ஐ விடச் சிறிய அளவுத்திட்டமுள்ள தாள்களில், சோதிக்கப்படும் தெளிவான புள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, தாளின்மேல் ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் சரியாக இருக்க வேண்டும். உயரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, சம உயரக்கோட்டு இடைவெளியில் பாதிக்குள் இருக்க வேண்டும். 1:62,500 தாளில் இது தரையில் ஏறத்தாழ 104 அடி என்றும், உயரத்தில் 10 அடி என்றும் ஆகும். 1890களின் தாள்களை இந்த நெறிமுறைக்கு உட்பட்டவையாக எண்ணவே கூடாது; அவை வரும்போது நெறிமுறையே இல்லை.

முகடேறி

இதற்கு அடிரோண்டாக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எங்கும் இல்லை என்பேன். ராபர்ட் மார்ஷல், அவருடைய தம்பி ஜார்ஜ் மார்ஷல், வழிகாட்டி ஹெர்பர்ட் கிளார்க் ஆகிய மூவரும் 1918 முதல் 1925 வரை, 4,000 அடிக்கு மேற்பட்டவை என்று கருதப்பட்ட 46 உச்சிகளிலும் ஏறி முடித்தார்கள். எது தனி உச்சி, எது பக்கத்து மலையின் ஒரு கிளை என்று பிரிப்பதற்கு அவர்கள் ஒரு விதியையும் வைத்துக்கொண்டார்கள்: எல்லாப் பக்கங்களிலும் குறைந்தது 300 அடி எழுந்திருக்க வேண்டும், அல்லது அடுத்த உச்சியிலிருந்து முக்கால் மைல் தள்ளியிருக்க வேண்டும். உயரங்களுக்கு அவர்கள் நம்பியது அன்றைய யு.எஸ்.ஜி.எஸ். தாள்களைத்தான்.

1953ஆம் ஆண்டுத் தாள்கள் வந்த பிறகு அந்தப் பட்டியலில் நான்கு உச்சிகள் 4,000 அடிக்குக் கீழே இறங்கின. பிளேக் 3,960 அடி, கிளிஃப் 3,960 அடி, நை 3,895 அடி, கௌச்சசிராகா 3,820 அடி. கௌச்சசிராகாவை எடுத்துக்கொண்டால், பழைய தாள் அதை 4,000 அடிக்கு மேல் காட்டியதால் பிழை குறைந்தது 180 அடி, அதாவது ஒன்பது சம உயரக்கோடுகள். அதே வேளையில், பட்டியலில் இல்லாத மெக்நாட்டன் மலை 1953இல் சரியாக 4,000 அடியைத் தொட்டது. பின்னர் 1970களின் இறுதியில் வந்த மெட்ரிக் தாள்களில் 3,983 அடிக்கு இறங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் பட்டியல் மாற்றப்படவில்லை. இன்றும் 46 உச்சிகளில் ஏறுபவர்கள் கௌச்சசிராகாவின் சேற்றைக் கடந்து போய்த் திரும்புகிறார்கள். காரணம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நில அளவையர் தொலைவிலிருந்து பார்த்து வரைந்த கோடு.

இந்த நான்கும் காடு மூடிய உச்சிகள் என்பதைக் கவனியுங்கள். அளவைச்சங்கிலி அவர்கள் சொன்ன பார்வைத் தடையே இங்கே பிழையாக வெளிப்படுகிறது.

செப்புத்தகடு

முகடேறி அவர்களின் எடுத்துக்காட்டு அருமையானது. ஆனால் முடிவு அவசரமானது என்று தோன்றுகிறது. பிளேக்கும் கிளிஃபும் 40 அடிதான் குறைந்தன. அதாவது இரண்டு கோட்டு இடைவெளி. காட்டு மலையொன்றில், தொலைவிலிருந்து கோணம் அளந்து பெற்ற உயரத்துக்கு அதை ஒரு பெரும் பிழையாக நான் கருத மாட்டேன். நோக்கப்பட்டது மரத்தின் உச்சியா, தரையா என்பதிலேயே பல அடிகள் போய்விடும். கௌச்சசிராகாவின் 180 அடி வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே ஏதோ ஒரு புள்ளியையே தவறாக அடையாளம் கண்டிருக்கலாம். உச்சி வேறொரு மலையின் பக்கமுகடோடு சேர்த்துப் பார்க்கப்பட்டிருக்கலாம். மேலும் மெக்நாட்டனும் காடு மூடிய மலைதான். அதன் பிழை எதிர்த்திசையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் காடு ஒன்றே காரணம் என்றால், காடு ஏன் ஒரு மலையை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்த வேண்டும்?

முகடேறி

காடு உயர்த்துவதும் இல்லை, தாழ்த்துவதும் இல்லை, வரைபவரைக் குருடாக்குகிறது. குருடானவரின் பிழை எந்தத் திசையிலும் போகலாம். இருப்பினும் கௌச்சசிராகாவைத் தனியாக வைக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

கற்குவியல்

இழையில் இதுவரை வெர்பிளாங்க் கால்வினின் பெயர் வராதது வியப்பாக இருக்கிறது. யு.எஸ்.ஜி.எஸ். இங்கே வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1872இல், நியூயார்க் சட்டமன்றம் அடிரோண்டாக் தல அளவையை அவரிடம் ஒப்படைத்தது. அப்போது அவருக்கு வயது 25. அதே ஆண்டில் மார்சி மலையின் தென்மேற்குச் சரிவில், 4,200 அடிக்கு மேல் கிடக்கும் ஒரு சிறு குளத்தை ஹட்சன் ஆற்றின் மிக உயர்ந்த ஊற்று என்று அவர் அறிந்தார். இன்று அது லேக் டியர் ஆஃப் தி கிளவுட்ஸ் என்று எல்லாத் தாள்களிலும் இருக்கிறது.

துல்லியத்தைப் பற்றிப் பேசும்போது அவருடைய 1875ஆம் ஆண்டு வேலையை மறக்கக்கூடாது. அதற்கு முன்பு மார்சியின் உயரம் காற்றழுத்தமானியை வைத்துக் கணக்கிடப்பட்டது. அந்தக் கருவி வானிலையோடு சேர்ந்து ஆடக்கூடியது. புயல் ஒன்று நெருங்கினால் மலை பல அடி உயர்ந்தது போலக் காட்டும். கால்வின் அதில் நிறைவடையாமல், சாம்ப்லேன் ஏரிக்கரையிலிருந்து மார்சி உச்சி வரை மட்டக்கருவியைப் படிப்படியாக நகர்த்தி உயரத்தைக் கடத்திச் சென்றார். அவருக்குக் கிடைத்த விடை 5,344 அடியும் சிறு பின்னமும். இன்றைய தாள்களில் இருப்பதும் 5,344 அடிதான். மெட்ரிக் தாளில் 1,629 மீட்டர். காட்டையும் பாறையையும் கடந்து ஒவ்வோர் அளவுகோல் வாசிப்பாக ஏறிய ஒரு குழு, பல தலைமுறைகளுக்கு மாற்றத் தேவையில்லாத எண்ணைக் கொண்டுவந்தது.

உச்சிகளை ஒன்றுக்கொன்று தெரிய வைப்பதற்கு அவர் மரங்களை வெட்டிக் குறிக்கம்பங்களை நட்டார். காற்றில் சுழன்று சூரிய ஒளியைத் தெறிக்கும் தகரத் துண்டுகளை அவற்றில் தொங்கவிட்டார். பாறைகளில் அவர் பதித்த உலோக ஆணிகளில் பல இன்னும் உச்சிகளில் இருக்கின்றன. ஆகவே பழைய அளவை என்றாலே கண்மதிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செப்புத்தகடு

கால்வினின் புள்ளிகள் சிறந்தவை, மறுப்பில்லை. ஆனால் நம் இழை தலப்படங்களைப் பற்றியது. இருபத்தெட்டு ஆண்டுகள் அரசுச் செலவில் வேலை நடந்தும், மலைநாடு முழுவதற்குமான தலப்படத்தைக் கால்வின் முடித்துத் தரவில்லை. ஆண்டறிக்கைகள் வந்தன, அவற்றில் அழகிய சித்திரங்களும் பகுதி வரைபடங்களும் வந்தன. ஆளுநராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1900இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கியபோது முழுப்படம் இல்லை. இதற்குள் யு.எஸ்.ஜி.எஸ். தாள்கள், குறைகளோடுதான், கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டன. பிழையுள்ள தாள் ஒன்று கையில் இருப்பது, பிழையற்ற எண்கள் குறிப்பேட்டில் உறங்குவதைவிட மேல் என்பது என் எண்ணம்.

கற்குவியல்

அந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையானது. 1880களில் அவருடைய நேரத்தின் பெரும்பகுதி நில எல்லைகளுக்குப் போயிற்று. வரி கட்டாமல் கைவிடப்பட்ட காட்டு நிலங்கள் அரசிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. 1885இல் அவை வனக் காப்பகமாயின. 1892இல் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன் எல்லை வரைபடத்தில் நீல மையால் காட்டப்பட்டதால் இன்றும் அதை நீலக்கோடு என்றே அழைக்கிறார்கள். அரசின் நிலம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமானால், 1772இல் டாட்டன் கிராஸ்ஃபீல்ட் நிலத்தொகுதிக்காக மரங்களில் வெட்டிய அடையாளங்களைக் காட்டுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் அவர். ஹாமில்டன் கவுண்டியின் எல்லைகள் வடக்கு தெற்காக நிற்காமல் சாய்ந்து ஓடுவதை நீங்கள் தாளில் பார்த்திருப்பீர்கள். அது அந்த 18ஆம் நூற்றாண்டு அளவையின் சாய்வு. சம உயரக்கோடு தவறினால் நடப்பவருக்குக் கால் வலிக்கும். எல்லைக்கோடு தவறினால் வழக்கு வரும்.

தாளடுக்கி

ஏரிக்கரையான் அவர்களின் நடைமுறைச் சிக்கலுக்குத் திரும்புவோம். தாளின் ஆண்டு என்று நாம் சொல்வது எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய தாளின் கீழ்ப்பகுதியில் அளவை நடந்த ஆண்டு ஓரிடத்தில் இருக்கும். பதிப்பு ஆண்டு வேறோர் இடத்தில் இருக்கும். மறுபதிப்பு ஆண்டு தனியாக இருக்கும். கருமைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று என்று மூன்று செப்புத் தகடுகளில் செதுக்கி அச்சிட்டதால், தேவைப்பட்டபோது கருமைத் தகட்டை மட்டும் திருத்தி மீண்டும் அச்சிட முடிந்தது. சாலையும் கட்டடமும் புதியவையாக இருக்கும். பழுப்புத் தகட்டிலுள்ள மலை 1890களின் மலையாகவே இருக்கும். 1930 என்று அச்சிடப்பட்ட தாளை வைத்துக்கொண்டு, 1930இல் சரிவு இப்படி இருந்தது என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிற்காலத் தாள்களிலும் இதே பொறி உண்டு. வான்படங்களைப் பார்த்துத் திருத்தியவற்றை ஊதா நிறத்தில் அச்சிட்டார்கள். அந்த ஊதா, களத்தில் போய்ச் சரிபார்க்கப்படாதது என்று தாளின் ஓரத்திலேயே எழுதியிருக்கும்.

இலைநிழல்

இடையில் ஒரு கேள்வி. 1903இல் அடிரோண்டாக்கில் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் காடு எரிந்தது என்று படித்திருக்கிறேன். அதற்கு முந்திய தாளையும் பிந்திய தாளையும் ஒப்பிட்டால் எரிந்த பகுதிகளைக் காண முடியுமா? என்னிடமுள்ள பழைய தாளில் பச்சை நிறமே இல்லை.

தாளடுக்கி

காண முடியாது. அக்காலத்துச் சாதாரணப் பதிப்பில் காட்டுக்குப் பச்சை அச்சிடப்படவில்லை. வெள்ளையாக இருப்பது வெட்டவெளி என்று பொருளல்ல. காடா இல்லையா என்பதைத் தாள் சொல்லவில்லை, அவ்வளவுதான். மரம் வெட்டும் நிறுவனங்கள் போட்ட தற்காலிக இருப்புப்பாதைகளையும் முகாம்களையும் முழுமையாக எதிர்பார்க்க வேண்டாம்; அளவையர் வந்த ஆண்டில் இருந்திருந்தால் தாளில் ஏறியிருக்கலாம். தீயைப் பற்றி அறிய வனத்துறையின் அன்றைய அறிக்கைகளைத்தான் நாட வேண்டும்.

ஒரு மறைமுகத் தொடர்பு மட்டும் உண்டு. தீயால் சில உச்சிகளில் மண்ணே எரிந்து வெறும் பாறை நின்றது. அப்படிப் பார்வை திறந்த உச்சிகள் பிந்திய அளவையர்களுக்கு நிலையங்களாகப் பயன்பட்டிருக்கும்.

மதகுக்காவலன்

ஏரிக்கரைகள் நம்பத்தகுந்தவை என்ற கருத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. கரையை வரைந்த கை நம்பத்தகுந்தது, கரை நம்பத்தகுந்ததல்ல. அடிரோண்டாக்கின் ஏரிகளில் எத்தனை இயற்கையான மட்டத்தில் நிற்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். மரக்கட்டைகளை ஆற்றில் மிதக்கவிடுவதற்காகவும் ஆலைகளுக்கு நீர் தேக்குவதற்காகவும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏரிகளின் வாயில் மதகுகள் கட்டப்பட்டுவிட்டன. கிரான்பெரி ஏரியின் அணை 1867ஆம் ஆண்டினது. ஆகவே அங்கே யு.எஸ்.ஜி.எஸ்.ஸின் மிகப் பழைய தாள்கூட உயர்த்தப்பட்ட ஏரியைத்தான் காட்டும். பீவர் ஆற்றில் ஸ்டில்வாட்டர் நீர்த்தேக்கம் 1920களில் மேலும் உயர்த்தப்பட்டது.

எல்லாவற்றிலும் பெரியது சகண்டாகா. ஹட்சன் ஆற்றின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துவதற்காகக் காங்க்ளின்வில்லில் கட்டப்பட்ட அணை 1930இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 29 மைல் நீளத்துக்குப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தாள்களை விரித்தால், இன்று வெறும் நீலமாக இருக்கும் இடத்தில் ஊர்களும் சாலைகளும் இருப்புப்பாதையும் விலாய் என்றழைக்கப்பட்ட பெரும் சதுப்பும் இருக்கின்றன. வீடுகள் இடிக்கப்பட்டன அல்லது பெயர்த்துக்கொண்டு போகப்பட்டன. கல்லறைகளைக்கூடத் தோண்டி மேட்டுக்கு மாற்றினார்கள்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. உயர்முகட்டுப் பகுதியில் மார்சி அணைக்குளமும் டக் ஹோலும் மரவெட்டுக் காலத்து அணைகளால் உண்டானவை. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் மழை அந்த இரண்டு அணைகளையும் உடைத்தது. ஏரிக்கரையான் வைத்திருக்கும் 1979ஆம் ஆண்டு மெட்ரிக் தாள் அந்த இடங்களில் நீலம் காட்டும். இன்று அங்கே ஓடையும் புல்லும்தான்.

ஏரிக்கரையான்

இது எனக்குப் புதிய செய்தி. நான் தாள்களைப் பொருத்துவதற்குக் கரைமுனைகளையே கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக வைத்திருக்கிறேன். அப்படியானால் அந்த முறையை மாற்ற வேண்டுமா?

அளவைச்சங்கிலி

ஓரளவு மாற்ற வேண்டும். முதலில் தாளின் சொந்தக் கட்டத்தைக் கொண்டு பொருத்துங்கள். 15 நிமிடத் தாளில் 5 நிமிட இடைவெளியில் குறிகள் இருக்கும்; விளிம்பையும் உட்பகுதியையும் சேர்த்தால் 16 புள்ளிகள். காகிதம் ஈரத்தில் நீண்டும் சுருங்கியும் இருப்பதால் நான்கு மூலைகள் மட்டும் போதாது. அந்தக் குறிகள் எந்த டேட்டத்தைச் சேர்ந்தவை, அதாவது இடங்களையும் உயரங்களையும் கணக்கிட எடுத்துக்கொண்ட எந்த அடிப்படையைச் சேர்ந்தவை என்பது அடுத்த சிக்கல். 1927ஆம் ஆண்டு வட அமெரிக்க டேட்டத்துக்கு முந்திய தாளுக்கு அந்த டேட்டத்தைக் கொடுத்தால் தாள் முழுவதும் ஒரே பக்கமாகச் சற்று நகரும். 1927 டேட்டத்தை 1983 டேட்டமாக எண்ணினால் அப்பகுதியில் பல பத்து மீட்டர் விலகும். சில மறுபதிப்புகளில் மூலைக்கு அருகே சிறு சிலுவைக்குறி இருந்தால் அது 1927 டேட்டத்தின்படி மூலை எங்கே விழும் என்பதைக் காட்டுவது.

இதில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. விலகல் தாள் முழுவதும் ஒரே திசையில், ஒரே அளவில் இருந்தால் குற்றம் டேட்டத்தினுடையது. இடத்துக்கு இடம் திசை மாறினால் வரைந்த கையினுடையது, அல்லது காகிதத்தினுடையது. கட்டத்தால் பொருத்திய பிறகு, அணை இல்லாத மலைக்குளங்களையும் வெறும்பாறை உச்சிகளையும் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அவலாஞ்ச் ஏரி இதற்கு மிகப் பொருத்தமானது. இரு பக்கமும் செங்குத்துப் பாறை இருப்பதால் நீர்மட்டம் சிறிது ஏறி இறங்கினாலும் கரை நகர்வதற்கு இடமில்லை.

கரைமுனைகளால் இழுத்துப் பொருத்தினால் ஏரிகள் ஒத்துப்போகும். ஆனால் அதற்காக இடையிலுள்ள மலைகளை மென்பொருள் நெளித்துவிடும். உங்கள் சரிவுகள் விலகியதில் ஒரு பங்கு இதனால் இருக்கக்கூடும்.

முகடேறி

பழைய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மலைக்கே போக விரும்புபவர்களுக்கு ஒரு சொல். ஓரத்தில் அச்சிட்டிருக்கும் காந்தச் சாய்வு, அதாவது திசைகாட்டி முள் உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம், அந்த ஆண்டுக்கு உரியது. இப்பகுதியில் அது மேற்காகப் பத்துப் பாகையைத் தாண்டும். காலத்தோடு மாறிக்கொண்டும் இருக்கும். தாளில் கண்ட தடங்களில் பல இன்று இல்லை. சில தனியார் நிலத்துக்குள் போகின்றன. பூங்காவின் ஏறத்தாழ பாதி இன்றும் தனியாருடையது.

செப்புத்தகடு

1953ஆம் ஆண்டுத் தாளையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சேர்த்துக்கொள்கிறேன். வான்படத்திலிருந்து கோடு வரைந்தவருக்கும் தரை தெரியாது, மரக்கூரைதான் தெரியும். மரத்தின் உயரத்தை மதிப்பிட்டுக் கழித்துக்கொண்டார். பக்கமுகடு இரண்டு குன்றுகளாகப் பிரிந்தது உண்மைதானா என்பதை லைடார், அதாவது விமானத்திலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தித் தரையை அளக்கும் முறையில் உருவான நிழற்படத்தில் பாருங்கள். லைடாரின் ஒளித்துடிப்புகளில் ஒரு பகுதி இலைகளின் இடுக்கு வழியே தரையைத் தொட்டுத் திரும்புவதால், காட்டுக்கு அடியிலுள்ள வடிவம் அதில் தெளிவாக நிற்கும்.

ஏரிக்கரையான்

கட்டக்குறிகளைக் கொண்டு மீண்டும் பொருத்திப் பார்த்தேன். பள்ளத்தாக்கை ஒட்டிய கோடுகள் முன்பைவிட நெருங்கி வந்தன. மேற்சரிவுகள் இன்னும் இடத்துக்கு இடம் வெவ்வேறு திசையில்தான் விலகுகின்றன. லைடாரில் அந்தப் பக்கமுகட்டில் இரண்டு குன்றுகள் இருக்கின்றன. இடைத்தாழ்வு 1953ஆம் ஆண்டுத் தாள் காட்டுவதைவிடச் சற்றுத் தெற்கே இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி. மதகுக்காவலன் அவர்கள் சொன்ன சகண்டாகாவின் பழைய தாளிலுள்ள சம உயரக்கோடுகளை, இன்றைய நீர்த்தேக்கத்தின் ஆழத்தைக் கணக்கிடப் பயன்படுத்தலாமா?

மதகுக்காவலன்

பயன்படுத்தலாம். நீர் நிறைந்திருக்கும்போதைய மட்டத்திலிருந்து பழைய கோட்டின் மதிப்பைக் கழித்தால் அந்த இடத்தின் ஆழம் ஏறத்தாழ வரும். பள்ளத்தாக்குத் தரை என்பதால், சாலையும் இருப்புப்பாதையும் மட்டவரிசைகளும் அருகில் இருந்தன. மலைச்சரிவைவிட இங்கே கோடுகள் நம்பத்தகுந்தவை. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பழைய தாளின் உயரங்கள் 1929ஆம் ஆண்டு உயர டேட்டத்துக்கு முந்தியவை; இன்றைய நீர்மட்டத்தோடு ஒப்பிடும்போது சிறு வேறுபாடு இருக்கும். மேலும் விலாய் இருந்த பகுதி மிகவும் தட்டையானது. அங்கே ஒரு 20 அடிக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே வெகுதூரம் இருப்பதால், இடைப்பட்ட ஆழத்தை ஊகித்துத்தான் சொல்ல முடியும். பழைய ஆற்றின் போக்குக்கு மட்டும் பழைய தாளில் நீல நிறத்திலுள்ள ஆற்றுக்கோட்டைப் பின்பற்றுங்கள்; அணைக்கு அருகே, பள்ளத்தாக்கு குறுகும் இடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வருவது எளிது.

ஏரிக்கரையான்

நன்றி, ஐயா. அணைப்பக்கத் தாளை முதலில் பொருத்திவிட்டு, ஆழக்கோடுகளை இதே இழையில் பதிவேற்றுகிறேன்.